மயில்கழுத்துக் குச்சி

கம்மாக்கரைத் தெருவில் பேனாவுக்கு வார்க்கிற ரெசினுக்குள் பேச்சு போய் உறைந்துகொள்ள ஆரம்பித்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். ஆனால் முதன்முதலில் வெளியே வந்த பேச்சு எது என்று கேட்டால் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "யாத்தே, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேனே." அது குருவம்மாளின் குரல். அன்றைக்குக் கோட்டைச்சாமி கடைசல் மிஷினில் ஒரு குச்சியை மாட்டி உளியை வைத்தார். ரெசின் சுருள் சுருளாக உரிந்து அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு குமிழி உடைந்து, முந்தாநாள் குருவம்மாள் சொன்னது அவள் குரலிலேயே, அதே பதற்றத்தோடு வந்து விழுந்தது. அவர் மிஷினை நிறுத்திவிட்டுப் பின்கட்டைப் பார்த்து, "தங்கச்சி, பால் பொங்குதாம், என்னன்னு பாரு" என்றார். அவளும் எழுந்து போய்ப் பார்த்தாள். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

பட்டறையில் மூன்றே பேர். குருவம்மாளும் அவள் புருஷன் வெயில்முத்துவும் பின்கட்டுக் கொட்டகையில் ரெசின் கலந்து குச்சி வார்ப்பார்கள். வெயில்முத்துவின் கூட்டாளி கோட்டைச்சாமி முன்கட்டில் அதைக் கடைந்து பேனாவாக்குவார். கோட்டைச்சாமிக்கு ரெசின் வாடை ஆகாது. மண்டை இடிக்கும், வாந்தி வரும். அதனால் இத்தனை வருஷத்தில் அவர் பின்கட்டு வாசல்படியைத் தாண்டி வந்ததில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு புருஷனும் பொண்டாட்டியும் குனிந்து நிற்பதை அங்கிருந்தபடி பார்ப்பார், "ரெண்டு பேரும் கொள்ளைக்காரங்க மாதிரி இருக்கீக" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

வார்க்கிற வேலை இதுதான். ரெசின் டின்னில் வரும்போது விளக்கெண்ணெய் மாதிரி இருக்கும். அதைக் காகிதக் கப்பில் அளந்து, மினுக்குப் பொடி போட்டு, உறை விட வேண்டும். கடையில் வேறு பெயர் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். தெருவில் அதற்குப் பெயர் உறை, பாலுக்கு விடுகிற அதே உறை. கத்திரி வெயிலில் நூறு கிராமுக்கு இருபது சொட்டு போதும், ஐப்பசி மழையில் முப்பத்தைந்து கேட்கும். கூடிப்போனால் கப்பே கொதித்து வார்ப்பு வெடிப்பு விட்டுவிடும், குறைந்தால் மூன்று நாளானாலும் பிசுபிசுவென்று கிடக்கும். பிறகு மூங்கில் சிம்பால் மெள்ள, ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். தண்ணியாக இருக்கும்போதே இரண்டு நிறத்தையும் ஊற்றினால் சேறாகிவிடும், இறுகினபிறகு ஊற்றினால் ஒன்றோடொன்று ஒட்டாது. கூழ்ப் பதத்துக்கு வருகிற அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டையும் குழாய் அச்சுக்குள் சேர்த்து இறக்கி, சிம்பை ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். எடுக்கிற கை எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கமாக நிறம் சுழித்து நிற்கும். வெயில்முத்து இடக்கைக்காரர். அவர் வார்த்த குச்சியில் சுழி இடப்பக்கமாகத்தான் ஓடும், குருவம்மாள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்லிவிடுவேன் என்பாள், நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

பேச்சு உள்ளே போகிறது என்று தெரிந்ததும் தெரு கொஞ்ச நாள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, அப்புறம் எல்லாவற்றுக்கும் பழகினதைப்போல இதற்கும் பழகிக்கொண்டது. மலேசியாவுக்குப் போகிற பையனைக் கூட்டிவந்து கப்புக்கு முன்னால் நிறுத்தி நாலு வார்த்தை பேசவைத்து வாங்கிப்போனாள் ஜெயக்கொடி. முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்க வாய் வராத புருஷன்மார்கள் வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் குச்சியிலேயே சண்டை போட்டு, குச்சியிலேயே சமாதானமாகி, கடைசியில் ஆளுக்கு ஆறு பேனா மிச்சமாகி அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். உறைந்த பேச்சு ஒரே ஒரு தடவைதான் வரும், உளி பட்டதும் வரும், வந்தால் போனதுதான். செல்போனில் பிடித்துப் பார்த்தார்கள். மிஷின் சத்தம் மட்டும் பதிந்திருந்தது, அதற்காக யாரும் மூக்கைச் சிந்தவில்லை.

தேவையில்லாத பேச்சு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடாக இருந்தது. வாயை மூடினால் மட்டும் போதவில்லை, வாய்க்குள்ளே நாக்கு அசைந்தாலே ரெசின் கேட்டுக்கொண்டது. குருவம்மாள்தான் அதற்கு வழி கண்டுபிடித்தாள்: கிண்ட ஆரம்பிக்கும் முன்னால் செம்பிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரை வாங்கி, துண்டை மேலே கட்டிக்கொண்டு, அச்சில் இறக்கி முடிக்கிறவரை விழுங்காமல் வைத்திருப்பது. அப்படி வார்த்தது ஊமைக்குச்சி. பேச்சு உள்ளது வாய்க்குச்சி. கடைவதற்கு முன்னால் கோட்டைச்சாமி குச்சியை மிஷின்மேல் மூன்று தட்டுத் தட்டி, "வாய் உண்டா?" என்று கேட்பார். "ஊமை" என்றால் கடைவார். "உண்டு" என்றால், யார் பேசினாரோ அவரோ, யாருக்காகப் பேசினாரோ அவரோ வந்து நிற்காமல் உளி வைக்க மாட்டார். அம்மன் கோயில் கூட்டத்தில் தெரு போட்ட கட்டு அது. ஏழு வருஷத்தில் யாரும் மீறினதில்லை.

போன வருஷம் ஆவணியில் ஒரு நாள் காலையில் கோயம்புத்தூரிலிருந்து பேனா வாங்க வந்த ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, "இதுவும் உங்க சரக்கா?" என்று வெயில்முத்துவிடம் காட்டினார். மயில்கழுத்து நிறம். நீலத்துக்குள் பச்சை, பச்சைக்குள் ஒரு செம்புக் கீற்று. எந்தப் பொடியை எத்தனை சிட்டிகை என்பது மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாத நிறம். வெயில்முத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "எங்களது இல்லைங்க" என்று கொடுத்துவிட்டார். குருவம்மாளுக்கு அப்போது துணி துவைக்கிற வேலை, அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

துவைகல்லிலிருந்து பார்த்தால் கொட்டகை ஜன்னல் தெரியும். அந்த ஆள் போனபிறகு வெயில்முத்து துண்டு கட்டாமல், வாயில் தண்ணீர் இல்லாமல், இடது கையால் மயில்கழுத்துக் கப்பைக் கிண்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். உதடு ரொம்ப நேரம் அசைந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் சிரித்து, "உறையட்டும், நாளைக்குக் கேட்டுக்க" என்று சைகை காட்டினார். பிறகு டின் வாங்கிவரக் கிளம்பினார். நாற்கரச் சாலையில் ஒரு லாரி.

அந்தக் குச்சி உறைந்தது. அவளுக்கென்று அவர் பேசினது உள்ளே இருந்தது. கடைந்தால் கேட்கலாம், கேட்டால் தீர்ந்துபோகும். பதினாறாம் நாள் கழிந்ததும் சொந்தக்காரர்கள், "கடைஞ்சு கேட்டுரு தாயி, மனசு ஆறும்" என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "இன்னும் அவுக எங்கிட்ட பேச வேண்டியது பாக்கி இருக்கு. அந்தப் பாக்கி இருக்கிறவரைக்கும் நான் தாலியறுத்தவ இல்ல" என்றாள். குச்சியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தாள், காலையில் எழுந்ததும் ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். தெருவும் அப்படியே எடுத்துக்கொண்டது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது பெண்கள், "வீட்டுக்காரரு இன்னும் பேசலையாக்கும்?" என்று விசாரிப்பார்கள், "இன்னும் இல்லக்கா" என்பாள், வரிசை நகரும்.

கோட்டைச்சாமி இல்லாவிட்டால் அவள் அந்த வருஷத்தைத் தாண்டியிருக்க மாட்டாள், அதை அவளே ஊரெல்லாம் சொன்னாள். பாடை கட்டினவர் அவர், கொள்ளிக்குடம் உடைத்த இடத்தில் மயங்கி விழுந்தவளைத் தூக்கினவர் அவர், மறுமாதமே பட்டறையைத் திறந்து "நீ வாரு தங்கச்சி, நான் கடையிறேன், மாப்ள பேரு நிக்கணும்" என்றவர் அவர். வீட்டுச் சாவி ஒன்று அவரிடமே இருந்தது. கூடப்பிறந்தவன் இல்லாத குறையை அவர் தீர்த்துவைத்தார் என்று அவள் நினைத்தாள், அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்.

இந்த ஆவணியில் தலைத்திவசம் வந்தது. அன்றைக்குக் குச்சியைக் கடைந்து கேட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். சொன்னதும் கோட்டைச்சாமி உளியைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன அவசரம் தங்கச்சி?"

"ஒரு வருசம் ஆச்சேண்ணே. அவுகளும் எத்தனை நாளைக்கு வாயைப் பொத்திக்கிட்டு இருப்பாக?"

"கேட்டுட்டா அப்புறம் ஒண்ணும் இருக்காது, பாத்துக்க."

"தெரியும்ணே. நீங்கதான் கடையணும். வேற ஆரு கை பட்டாலும் அவுகளுக்குப் பிடிக்காது."

அவர் தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. தன் புருஷன்மேல் இந்த மனுஷனுக்கு எத்தனை பிரியம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் பொடி வாங்க சிவகாசிக்குப் போனாள், பஸ் கிடைக்காமல் பொழுது சாய வந்து சேர்ந்தாள். கொட்டகையில் வாடை இருந்தது. காலையில் வார்த்த வாடை என்று நினைத்துக்கொண்டு சோறாக்கப் போய்விட்டாள். மறுநாள் முழுக்கச் சமையல் சாமானும் விருந்தாளிகளும். பலகைப் பக்கம் கும்பிடு போட்டதோடு சரி, தொடவில்லை.

திவசத்தன்று படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைத்தபின் தெருவே பட்டறை முன்னால் வந்து உட்கார்ந்தது. அறுபது பேருக்குக் குறையாது. ஜெயக்கொடி எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். குருவம்மாள் பலகையிலிருந்து குச்சியை எடுத்தாள், முந்தானையால் துடைத்தாள், கண்ணில் ஒற்றிக்கொள்ள முகத்தருகே கொண்டுபோனாள்.

வாடை அடித்தது. ஒரு வருஷத்துக் குச்சிக்கு வாடை இருக்காது. வார்த்து இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்தான் அந்த வாடை நிற்கும். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். அதே நீலம், அதே பச்சை, அதே செம்புக் கீற்று. சுழி வலப்பக்கமாக ஓடியது.

இது அவர் வார்த்ததில்லை. அவர் வார்த்தது எங்கேயோ போய்விட்டது, யாரோ கடைந்துவிட்டார்கள், அவர் எனக்குச் சொன்னதை யாரோ கேட்டுவிட்டார்கள். மயில்கழுத்துப் பொடிக் கணக்கு உயிரோடு இருக்கிற இரண்டே பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தி அவள். சாவி இரண்டே பேரிடம்தான் உண்டு. கத்தியிருக்கலாம். அவளால் கத்த முடியவில்லை, கத்தினால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல நின்றாள், பிறகு நடந்துபோய் மிஷினுக்கு முன்னால் இருந்த அந்த மனுஷனின் கையில் குச்சியைக் கொடுத்தாள்.

கோட்டைச்சாமி மூன்று தட்டுத் தட்டினார். "வாய் உண்டா?"

"உண்டுண்ணே. ஆரு வாயின்னுதான் தெரியல."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது, ஆனாலும் ஒரு தைரியமும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, கடைந்து முடித்து, 'பாவம், மாப்ள வாயசைச்சது வெறும் பாட்டு போலிருக்கு' என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்ளலாம் என்ற தைரியம். மிஷினை ஓடவிட்டார். உளியை வைத்தார். நீலச் சுருள் உரிந்து விழுந்தது. ஒரு விரல்கடை நீளத்துக்கு ஒன்றுமே வரவில்லை.

அப்புறம் துண்டுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு முனகல் வந்தது. கோட்டைச்சாமியின் குரல்.

"...மாப்ள, என்ன மாப்ள இப்படிச் சொல்லிட்டுப் போயிட்ட... 'ஏ சித்தெறும்பு'ன்னு கூப்பிட்டியே... 'ஏ சித்தெறும்பு, கோட்டைச்சாமி நம்ம மயில்கழுத்துக் கணக்க வேற பட்டறைக்குக் குடுத்துட்டான், மருமகனுக்கு அங்க வேலைக்காக. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன்கிட்ட கேக்காத. மானஸ்தன், தாங்க மாட்டான். என்ன வந்தாலும் அவனக் கைவிட்றாத'... இதுக்கா மாப்ள நான் பயந்து கெடந்தேன், இதுக்கா உன் குச்சியில கைய வச்சேன்..."

கோட்டைச்சாமிக்கு மிஷினை நிறுத்தத் தோன்றவில்லை. உளி தானாக நகர்ந்தது, அழுகைச் சத்தம் கொஞ்சம் வந்தது, பிறகு வெறும் ரெசின். வெயில்முத்துவின் குச்சியைக் கடைந்து கேட்டுவிட்டு, அதற்குப் பதிலாக இதை வார்க்கும்போது, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டால் ஊமைக்குச்சி ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார். வாசல்படியோடு நின்ற ஆளுக்குத் துண்டுதான் தெரியும், துண்டுக்குள்ளே இருக்கிற ஒரு வாய்த் தண்ணீர் எப்படித் தெரியும்?

சித்தெறும்பு என்பது கதவைச் சாத்தினபிறகு மட்டும் வெயில்முத்து அவளைக் கூப்பிட்ட பெயர். பத்தொன்பது வருஷத்தில் அது அந்தக் கதவைத் தாண்டினதில்லை. இன்றைக்கு அறுபது பேருக்கு நடுவில், வேறொரு ஆம்பளையின் வாயிலிருந்து அவள் அதைக் கேட்டாள். அவள் அழவில்லை. படையல் இலையை எடுத்து மடக்கினாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெரு என்றைக்கும்போலத் தெருவாகவே நடந்துகொண்டது. அந்தப் பெயரை அன்றைக்குப் பிறகு யாரும் வாயால் சொல்லவில்லை. எறும்புப் பொடி வாங்கப் போனவர்கள்கூட கடையில் டப்பாவைக் கையால் காட்டித்தான் கேட்டார்கள். ஆனால் மற்ற பேச்சுக்குக் குறைவில்லை. பாதிப் பேர், "தெரியாமத்தான முனங்கியிருக்கான், தெரியாம முனங்கினது பொய்யா இருக்குமா? செத்தவன் மன்னிச்சதை நாம எப்படி மாத்துறது?" என்றார்கள். பாதிப் பேர், "ஏழு வருசம் பக்கத்துல இருந்தவனுக்கு வாய்த்தண்ணி தெரியாதாக்கும். வேணும்னே முனங்கியிருக்கான், தன்னைக் கைவிட்றாதன்னு செத்தவன் பேருல தானே சொல்லிக்கிட்டான்" என்றார்கள். டீக்கடையில் இதற்காக இரண்டு பேர் கைகலப்புக்குப் போனார்கள். கோயில் கூட்டம் கூடி, கோட்டைச்சாமி இனி உளியைத் தொடக்கூடாது என்று சொன்னது. அவரும் தொடவில்லை.

குருவம்மாள் அந்த வார்த்தைகளை ராப்பகலாக மனசில் உருட்டிப் பார்த்தாள். இரண்டு நிறம் சேருகிற இடத்தை அவள் கண் தப்பவிட்டதே கிடையாது, மயிரிழை மாதிரி இருந்தாலும் இதோ என்று விரலை வைத்துவிடுவாள். சித்தெறும்பு என்பது நிச்சயம் அவர் சொன்னது. மயில்கழுத்தைக் கொடுத்ததும் உண்மை. கைவிடாதே என்பது அவர் சொல்லக்கூடியதுதான், அப்படிப்பட்ட மனுஷன்தான் அவர். கோட்டைச்சாமி சொல்லக்கூடியதும்கூட. ஒட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. புருஷன் செத்தன்றைக்குக்கூட அவள் இப்படி அநாதையாக உணரவில்லை.

இருபது நாள் கழித்து ஒரு பகலில் கோட்டைச்சாமி வந்தார். வாடையைப் பொருட்படுத்தாமல் வாசல்படியைத் தாண்டிக் கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றார். அவள் வாயில் தண்ணீரோடு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, செருப்பால அடி, வாங்கிக்கிறேன். உன் குச்சியக் கடைஞ்சது பாவம். நிறத்தக் குடுத்தது பாவம். ஆனா அவன் சொன்னது அத்தனையும் அவன் சொன்னதுதான். எம் பிள்ளைக மேல சத்தியம்."

அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள். கூழ்ப் பதம் வந்ததும் அச்சில் இறக்கினாள், சிம்பை வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். பிறகு துண்டை அவிழ்த்து, வாய்த் தண்ணீரை வாசலில் துப்பினாள்.

"நெசமாவே இருக்கலாம்ணே. அவுக மன்னிச்சிருக்கலாம், நானும் அவுக வாயால கேட்டிருந்தா அந்த நிமிசமே மன்னிச்சிருப்பேன். உங்களக் கூடப்பிறந்தவரா வச்சிருந்தேனே. இப்பச் சொல்லுங்க, அந்தப் பேச்சுல எதுவரைக்கும் அவுக, எதுலருந்து நீங்க?"

"அத்தனையும் அவன்தான் தங்கச்சி."

"அதையும் நீங்கதானண்ணே சொல்றீக."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குருவம்மாள் செம்பைத் தூக்கி ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டாள், துண்டைக் கட்டினாள், அடுத்த கப்பை இழுத்து உறைச் சொட்டை எண்ண ஆரம்பித்தாள். அந்தத் தண்ணீர் வாயில் இருக்கிறவரை அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் வராது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும், இப்போது கோட்டைச்சாமிக்கும் தெரியும்.